சென்டர்ல நட்ட கல்லு

பஸ்ஸுல ஒங்ககிட்ட எவன் சொன்னானோ, சொன்னது நெசந்தான் சார். கல்லுதான். சாமிக் கல்லு இல்ல, மைல் கல்லு இல்ல, எல்லைக்கல்லு. புட்பால் கிரவுண்டுக்கு நட்டநடுவுல. நீங்க பந்த வச்சு விசில் ஊதுவீங்கள்ல, சென்டரு, அந்த எடத்துல நட்டது. சிரிங்க, நல்லாச் சிரிங்க. தஞ்சாவூர்க்காரவுகளுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.

இங்கிட்டு நகந்து ஒக்காருங்க, பாதை மோசம். ஸ்கூல் கமிட்டி பிரசிடென்டு உடையப்பச் செட்டியார்கிட்ட காரு இருக்கு. ஆனா அது அவரு ஏறுறதுக்கு மட்டுந்தான். ரெப்ரியக் கூட்டியாறதுக்கு இந்தக் கண்ணுசாமியும் மாட்டுவண்டியும் போதும்னு நெனைச்சிருக்காரு. நாந்தான் கண்ணுசாமி. நாலு மணிக்குத்தானே ஆட்டம்? பொழுது கெடக்கு. மாடு அதுபாட்டுக்கு நடக்கட்டும்.

அதோ பனங்கூட்டம் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம் எங்க ஊரு, வேலங்கரை. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம். நடுவுல ஒரு கம்மாய். கம்மாய்க்கு அந்தக் கரையில சாத்தங்குறிச்சி. அது ராமநாதபுரம் ஜில்லா, அன்னைக்கு வெள்ளைக்காரன் சீமை. இந்தக் கரையில நின்னு ஒருத்தன வஞ்சா அந்தக் கரையில அவனுக்குக் கேக்கும். அவன் திருப்பி வைவான், நமக்கும் கேக்கும். தூரம் அம்புட்டுத்தான். அதுக்குள்ள ரெண்டு ராஜாங்கம். ரெண்டு போலீசு. ரெண்டு கோர்ட்டு. அங்கிட்டு ஒருத்தன் கோழியத் திருடிக்கிட்டு இங்கிட்டு ஓடியாந்தா அவன் வெளிதேசத்து ஆளு. கோழிக்குச் சொந்தக்காரன் கரை மேல நின்னு குழம்பு வாசத்த மோந்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்.

ரெண்டு ஊருக்கும் ஹைஸ்கூலு இருக்கு சார். எதுக்கு ரெண்டுன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. உடையப்பச் செட்டியாரோட அப்பா பர்மாவுல சம்பாரிச்சு இங்க ஒண்ணு கட்டுனாரு. அவரு கட்டிட்டாரேன்னு அந்த ஊருச் செட்டியாரு ஆறு மாசத்துல அங்க ஒண்ணு கட்டுனாரு. இங்க ரெண்டு மாடின்னா அங்க ரெண்டு மாடியும் ஒரு மணிக்கூண்டும். மணி ஓடுதான்னு கேக்காதீங்க. ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தக் கட்டுனாங்களே ஒழிய, பயலுக ஓடி ஆடுறதுக்குன்னு ஒரு குழி நெலம் வாங்கிப் போட மனசு வரல. தூணுக்குத் தேக்கு வரும், தரைக்குச் சலவைக்கல்லு வரும், கிரவுண்டு மட்டும் கம்மாய்க்குள்ள. தண்ணி வத்துனா ஆட்டம். மழை பேஞ்சா லீவு.

அதுலதான் கல்லு. கம்மாய் நடுவுலதான் எல்லை போகுது. எந்தக் காலத்துலயோ வெள்ளைக்காரன் சர்வேக்காரனும் சமஸ்தானத்துச் சர்வேக்காரனும் சங்கிலியப் புடிச்சு அளந்து நட்டுட்டுப் போனாங்க. ரெண்டு ஸ்கூலும் மொத மொத மேட்சு போட்டப்ப, எங்க போடுறதுன்னு ஒரே தகராறு. எங்க மண்ணுக்கு நீ வா, ஒங்க மண்ணுக்கு நான் வர மாட்டேன். கடைசியில ரெண்டு பெரிய மனுசங்களும் ஒக்காந்து பெரிய மூளையா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. எல்லைதான் சென்டர் லைனு. பாதி கிரவுண்டு அவங்க நாட்டுல, பாதி நம்ம நாட்டுல. கல்லு நடுவுல இருந்துட்டுப் போகட்டும், அது சர்க்கார் கல்லு, தொடப்படாது.

பந்த எங்க வைப்பாங்களா? கல்லு மேலதான். அது உச்சி தட்டையா இருக்கும், மொழங்காலுக்குக் கொஞ்சம் ஒசரம். பந்து ஜம்முன்னு நிக்கும். ஓடி வந்து ஒதைப்பான். இதச் சொன்னா வெளியூர்ல எவனும் நம்ப மாட்டான்.

இன்னொண்ணு கேளுங்க. ஆப்டைம் விட்டா எல்லா ஊர்லயும் கோல் மாறுவாங்கள்ல? இங்க மாற மாட்டாங்க. ஏன் தெரியுமா? எங்க கோலி, அதான் கோல் காக்குறவன், சமஸ்தானத்து மண்ணுல நிப்பான். மாத்திவிட்டா அவன் வெள்ளைக்காரன் சீமையில போயி நிக்கணும். அங்க ஒருத்தன் பல்லு ஒடஞ்சா அந்த ஊரு போலீசு புடிச்சு வச்சுக்கும். பெறகு யாரு போயி ஜாமீன் எடுக்குறது? அதனால அவனவன் நாட்டக் காக்க வேண்டியது அவனவன் பொறுப்பு. சாயங்கால வெயிலு ஆட்டம் முடியிற மட்டும் எங்க கோலி கண்ணுலயே அடிக்கும். கேட்டா ராஜாவுக்காகத் தாங்கிக்கணுமாம். ராஜாவுக்கு இப்படி ஒருத்தன் கண்ணு கூசிக்கிட்டு நிக்கிறது தெரியுமா, பாவம்.

தப்பா எடுத்துக்காதீங்க சார், ராஜாவ நான் ஒண்ணும் சொல்லல. அவரு சுதந்தரம் வந்த மறுவருசம் கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டாரு. சமஸ்தானம் போயி திருச்சி ஜில்லாவுல ஒரு டிவிஷன் ஆச்சு. ஊரே கூடி மேளம் வச்சாங்க, எனக்கும் ஒரு முட்டாயி குடுத்தாங்க. நான் வாயில போட்டுக்கிட்டே கேட்டேன். இப்ப ஒரே நாடுதானய்யா, கம்மாய்க்குள்ள கெடக்குற கல்லப் புடுங்கிரலாமான்னு. செட்டியாரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. அட மடையா, இனிமே அது ஜில்லா எல்லடான்னாரு. பாத்துக்கங்க. கொடி எறங்குச்சு, வேற கொடி ஏறுச்சு. ராஜா போயி கலெக்டரு வந்தாரு. கல்லு மட்டும் அங்கனயேதான். அதுக்கு அப்புறம் ஒரு கோட்டு வெள்ளை அடிச்சாங்க, அதுதான் சுதந்தரத்துல அதுக்குக் கெடச்சது.

ஆட்டம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நின்னு போச்சு. நம்ம பயலுக திருச்சி ஜோனாம். அவங்க ராமநாதபுரம் ஜோனாம். கம்மாய்க்குள்ள கூப்பிடு தூரத்துல இருக்கறவனோட ஆடுறதுக்கு ரெண்டு ஜில்லா ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கணுமாம். நம்ம பயலுக விடியக் கருக்கல்ல கட்டுச்சோத்தக் கட்டிக்கிட்டு, திருமயத்துல பஸ் மாறி, புதுக்கோட்டையில பஸ் மாறி திருச்சிக்குப் போறது. அவங்க மதுரைக்கும் விருதுநகருக்கும் போறது. பஸ்ஸுல ஏறுன பாதிப்பேரு வாந்தி. எறங்குன ஒடனே ஆடுடான்னா எப்படி ஆடுவான்?

மொத வருசம் திருச்சிக்குப் போன கதையக் கேளுங்க. நான் போகல, போனவன் சொன்னான். ஆனா ஊருக்கே தெரியும். ஆப்டைம் வரைக்கும் நம்ம பயலுக ரெண்டு கோல் முன்னாடி. ஆரஞ்சுச் சுளை குடுத்தாங்களாம். தின்னுட்டு எல்லாப் பயலும் வழக்கம்போலப் பழைய பக்கமே போயி நின்னான். ரெப்ரி வந்து, அங்கிட்டுப் போங்கடான்னாரு. எதுக்கு சார்னு கேட்டானாம் கேப்டன். அவரு என்னமோ வெளையாடுறான்னு நெனைச்சு அதட்டி மாத்தி நிறுத்துனாரு. மாறி நின்னா மட்டும் போதுமா? காலுக்குத் தெரியணும்ல? ஆத்மநாதன்னு ஒரு தடிப்பய, நல்லா ஆடுவான். பந்து கெடச்ச ஒடனே ஒரே ஓட்டம். பத்து வருசமா எந்தப் பக்கம் ஓடிப் பழகுனானோ அந்தப் பக்கம். எதிராளி ஒருத்தனும் தடுக்கல, அவனுக்கென்ன பைத்தியமா? கூட ஆடுற நம்ம பயலுக தடுத்தானுங்களான்னா, ஓட்றா ஓட்றான்னு கத்திக்கிட்டே பின்னாடி வாரானுங்க. கோலி இருக்கானே, அவன் அதவிடப் பெரிய ஆளு. ஆத்மநாதன் வாரானேன்னு ஒதுங்கி வழி விட்டான் சார்! கோல். எல்லாப் பயலும் கட்டிப் புடிச்சுக் குதிக்கிறான். கிரவுண்டே சிரிக்குது, இவனுங்களும் கூடச் சேந்து சிரிக்கிறானுங்க. அப்படி மூணு சேம் சைடு கோல். இப்பக் கூட திருச்சியில வேலங்கரைன்னு சொல்லிப் பாருங்க, கோல் அந்தப் பக்கம் தம்பீம்பான்.

அதுக்கு நம்ம டிரில் மாஸ்டரு என்ன செஞ்சாரு தெரியுமா? அடுத்த வருசத்துலேருந்து ஆப்டைமுக்கு அப்புறம் எதிராளி கோலுக்குப் பின்னாடி ஒரு பயலச் செவப்புத் துண்டோட நிறுத்திட்டாரு. துண்டப் பாத்து ஓடுங்கடான்னு. மாடு மெரள்ற மாதிரி எல்லாவனும் துண்டப் பாத்து ஓடுனான். ஜெயிக்கவும் செஞ்சான். படிப்பாம் படிப்பு. ஏய், இழு, இழு. மேடு ஒண்ணு இருக்கு சார், கெட்டியாப் புடிச்சுக்கங்க.

இந்த வருசந்தான் கூத்து. நம்ம பயலுக திருச்சியில ஜெயிச்சுட்டானுங்க. அவங்க ராமநாதபுரத்துல ஜெயிச்சுட்டாங்க. ரெண்டு ஜில்லாவுக்கும் போட்டி வச்சு, ஜெயிக்கிறவன் மெட்ராசுக்குப் போகணும். பெரிய ஆபீஸ்ல மேப்ப விரிச்சு வச்சு, ரெண்டு பேருக்கும் பொதுவான எடம் எதுன்னு அளந்து பாத்தாங்களாம். எங்க வந்து விரல வச்சான் தெரியுமா? இந்தக் கம்மாய்ல! ஒருத்தன் வடக்க சுத்தி, ஒருத்தன் தெக்க சுத்தி, வாந்தி எடுத்து, பஸ்ஸுக்குக் காசு குடுத்து, கடைசியில எந்தக் கம்மாய்க்குள்ள இருபது வருசமா ஒதைச்சுக்கிட்டு இருந்தானோ அதே கம்மாய்க்கு வந்து நிக்கிறான். இதுக்கு நடுவர் தஞ்சாவூர்லேருந்து.

ஒங்களச் சொல்லல சார். ஒங்களப் பாத்தா வெவரமான ஆளாத்தான் தெரியுது. அதனாலதான் கேக்கறேன். கிரவுண்டுக்கு நடுவுல இப்படி ஒரு கல்லு நின்னா, ரூல் என்ன சொல்லுது? ஆடலாமா, ஆடப்படாதா?

ஆடப்படாது. அப்படித்தானே? இன்னொரு தடவ சொல்லுங்க, காதுக்குக் குளுமையா இருக்கு. நடுவர் நெனைச்சா, அத எடுத்தாத்தான் விசில் ஊதுவேன்னு சொல்லலாமா? சொல்லலாம். யாரும் ஒங்கள மீற முடியாது? முடியாது. சரி.

ஆனா மீறப் பாப்பாங்க, அதையும் சொல்லிர்றேன். எறங்குன ஒடனே உடையப்பச் செட்டியாரு ஒங்களுக்குப் பன்னீர்ச் சோடா குடுப்பாரு. குடுத்துட்டு, சார், அது எங்க அப்பச்சி காலத்து வழக்கம், கல்ல ஒண்ணும் செய்ய வேணாம்பாரு. கோலும் மாத்த வேணாம்பாரு. கோல நீங்க மாத்துங்க, மாத்தாமப் போங்க, அது எனக்கு ஒண்ணுதான். கல்லுதான் எனக்குப் பேச்சு. அந்தப் பக்கத்து டிரில் மாஸ்டர் யாக்கூப் ராவுத்தரு, நல்ல மனுசன், நாலு எழுத்துப் படிச்சவரு. அவரும் வருவாரு. சார், எங்க பயலுக அதத் தொட்டுக் கும்புட்டுத்தான் எறங்குவானுங்க, தொடலைன்னா காலு நடுங்கும்பாரு.

கும்புடுறதுதான் சார்! அதச் சொல்லலையே நான். இந்த நாலஞ்சு வருசமா அதுக்குச் சந்தனம் என்ன, குங்குமம் என்ன. பரீச்சைக்குப் போறவன் ஒரு கற்பூரம் கொளுத்துறான். நம்ம பயலுக இந்தப் பக்கத்துலேருந்து ஒரு மால போட்டா, அவங்க அந்தப் பக்கத்துலேருந்து அதவிடப் பெரிய மால போடுறானுங்க. முன்னாடி பாதி நம்ம சாமி, பின்னாடி பாதி அவங்க சாமி. ஹெட்மாஸ்டருங்க ரெண்டு பேரும் பி.ஏ., எல்.டி. ஒருத்தராவது இதென்னடா கருமம்னு கேட்டாரா? கேட்க மாட்டாரு. டீமு வெளியூருக்குப் பஸ் ஏறுற அன்னைக்கு அவரே போயித் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாரு. சர்வேக்காரன் நட்டத நாலு நாள்ல சாமியாக்குனா, அப்புறம் எவன் புடுங்குவான்?

கல்ல எடுக்கச் சொல்லி எழுதிப் போடாம இருந்தாங்களா? பயலுகளப் பெத்தவங்க எழுதிப் போட்டாங்க. திருச்சிக்காரன், அது ராமநாதபுரத்து எல்லை, அங்கிட்டுக் கேளுன்னான். அங்கிட்டுக் கேட்டா, அது திருச்சி எல்லை, இங்கிட்டுக் கேளுங்கறான். மனுசன் கேட்டா இப்படி. வரி கேக்குறப்ப மட்டும் எவனுக்கும் எல்லையில சந்தேகமே வராது.

அடியா? படாம இருக்குமா சார்? பேந்த கால் நகத்தப் பொறுக்குனா ஒரு மரக்கால் தேறும். பூட்ஸு எவன் போட்டான்? எல்லாம் வெறுங்காலு. மொழங்காலு பேந்தவன் எத்தன பேரு. ஒரு பய செத்தே போனான்.

ஆமா. செத்தே போனான். சமஸ்தானம் இருந்தப்பத்தான், சுதந்தரத்துக்கு முந்துன வருசம். வயிரவன்னு ஒரு பய. பத்தாங்கிளாஸு. லெப்ட் இன், முன்வரிசையில எடப்பக்கம் ஆடுவான். பயலுக்கு ஓட்டம் உண்டு, ஒடம்புல எலும்பே கெடையாது, அப்படி நெளிஞ்சு போவான். ஆனா திமிரு. பந்தக் கொண்டு போறவன் முன்னால பாத்துப் போகணும்ல? இவன் தொரத்துறவனத் திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஓடுவான். அன்னைக்கும் அப்படித்தான் ஓடுனான். நம்ம பக்கத்துலேருந்து பந்த எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாத்துப் பல்லக் காட்டிக்கிட்டே. கல்லு எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாக் கூடச் சொல்லுவான், அந்த நேரத்துக்கு மறந்துட்டான். மொழங்கால் இடிச்சு, அப்படியே வயித்தக் குடுத்துக் கல்லு மேல விழுந்தான். விழுந்து பொரண்டான். தல அங்கிட்டு, காலு இங்கிட்டு.

ரத்தம் ஒரு பொட்டு வெளிய வரல. மொகம் மட்டும் வெளுத்துக்கிட்டே வருது. தண்ணி தண்ணின்னான். அடுத்த ஊருல, அந்தப் பக்கம், இங்கிலீஷ் மருந்து குடுக்குற டாக்டரு ஒருத்தர் இருந்தாரு. வண்டியில போட்டா வெத்தல போட்டுத் துப்புற நேரம். வண்டி பூட்டி ரெடியா நின்னுச்சு. இந்த வண்டிதான். அங்கதான் வந்தாங்க ரெண்டு ராஜாங்கமும். மேட்சுக்குப் பந்தோபஸ்துன்னு ரெண்டு பக்கமும் ஒரு கான்ஸ்டபிள் நிப்பான். நம்ம ஆளு சொல்றான், கால் இடிச்சது சமஸ்தானத்து மண்ணு, கேசு எங்களுது, பையனத் தாண்டிக் கொண்டு போகப்படாது. அவன் சொல்றான், தல விழுந்தது எங்க மண்ணு, கேசு எங்களுது, புதுக்கோட்டைக்குக் கொண்டு போகப்படாது. இன்ஸ்பெக்டரு வரணும், எடத்த வரையணும், அது வரைக்கும் ஒருத்தனும் தொடப்படாது. என்னதுங்கறான் இவன். இல்ல, என்னதுங்கறான் அவன். ஒரு பிள்ளைய இப்படிச் சொந்தம் கொண்டாடி நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

ஜனம் என்ன செஞ்சுச்சா? நின்னுச்சு. ரெண்டு செட்டியாரும் கொடை புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதுல ஒருத்தரு கொடைய அந்தப் பய மொகத்துக்கு நேராப் புடிச்சாரு, அதையும் சொல்லணும்ல. வாத்திமாரு நின்னாங்க. வண்டிக்காரன் மட்டும் போயித் தூக்கப் பாத்தான். லத்தியால முட்டியில வச்சான் ஒருத்தன். அடுத்த முட்டியில இன்னொருத்தன் வச்சான். அந்த ஒரு காரியத்துல மட்டும் ரெண்டு சர்க்காரும் அப்படி ஒரு ஒத்துமை. ரெண்டு இன்ஸ்பெக்டரும் வந்து சேந்தப்ப வெயிலு தாந்துருச்சு. பயலும் பேசுறத நிறுத்திட்டான். அப்பவும் பிரேதம் யாருக்குன்னு ஒரு நேரம் பேசுனாங்க.

சரி சார், அத விடுங்க. பழைய கதை. இன்னைக்கு நடக்கறதப் பாப்போம்.

இந்தா, கரை மேடு வந்துருச்சு. இதுல ஏறுனா கிரவுண்டு தெரியும். ஹை, ஹை! ஏறுடா. பாத்தீங்களா, எப்படி முக்குது? ரெண்டு ஆளு பாரத்துக்கு இந்த மாடு இப்படி முக்காது. ஒங்க காலுக்குப் பக்கத்துல அந்த வைக்கோல ஒதுக்கிப் பாருங்க. பாருங்க, ஒண்ணும் கடிக்காது.

அதேதான் சார். சந்தனம் இன்னும் போகல பாருங்க.

காலையிலதான். கோடு போடுறதுக்குச் சுண்ணாம்பு எறக்கணும்னு கமிட்டியில என்னையத்தான் சொல்லியிருந்தாங்க. ஊரே செட்டியார் வீட்டுல இட்லி திங்கப் போயிருந்துச்சு, ஆடுறதுக்கு முன்னாடியே, மெட்ராசுக்குப் போற டீமுக்கு விருந்துன்னு. கடப்பாறையப் போட்டு நெம்புனேன். அடியில பாத்தா ஒண்ணுமே இல்ல சார். இம்புட்டுக் காலம் ரெண்டு ராஜாங்கத்தத் தாங்குன கல்லு, ஒரு சாண் ஆழத்துல நிக்குது. கடப்பாறையே வேண்டியதில்ல. குழிய மூடி, மிதிச்சு, தண்ணி தெளிச்சு, மேல அழகா ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டுட்டேன். சென்டருக்கு வட்டந்தானே போடணும்?

சத்தம் கேக்குதுல்ல? கண்டுபிடிச்சுட்டானுங்க. கத்தட்டும். நீங்க பயப்படாதீங்க, ஒங்க மேல ஒண்ணும் வராது. நீங்க என்ன சொன்னீங்க, கல்லு நின்னா ஊத மாட்டேன்னீங்க. இப்பக் கல்லு இல்ல. எறங்குன ஒடனே சோடாவக் குடிக்காம, பந்த வச்சு ஊதிருங்க. ஊதிட்டா எல்லா நாயும் பந்து பின்னாடி போயிரும்.

கேசா? யாரு போடுவான்? இந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல சொன்னா, அது அவங்க எல்லைம்பான். அந்தப் பக்கத்துல சொன்னா, அது இவங்க எல்லைம்பான். கல்லும் இப்ப இல்ல, எது யாரு மண்ணுன்னு எவன் காட்டுவான்? அன்னைக்கு ஒரு பிள்ளைய என்னது என்னதுன்னு மல்லுக்கட்டுனவன் எல்லாம் இன்னைக்கு என்னது இல்ல, என்னது இல்லம்பான். பாருங்க நீங்க.

ஒத்த ஆளா? ஒத்த ஆளு தூக்குற கனமா சார் இது? அவளும் ஒரு பக்கம் புடிச்சா. செவந்தி. எம் பொண்டாட்டிதான், வேற யாரு வருவா? வயிரவனப் பெத்தவ. அவன் போனதுலேருந்து இந்தக் கரை மேல கால் வச்சதில்ல. குடிதண்ணிக்குக் கூட ஊரச் சுத்தித்தான் போவா. சின்னவன், சந்தனம்னு பேரு, இன்னைக்கு சென்டர் பார்வர்டு ஆடுறான். மெட்ராசுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், இவ அந்தக் கல்லு கெடக்குற எடத்துல ஆட விட மாட்டேங்கறா. ரெண்டு நாளா வீட்டுல அடுப்பு எரியல. இன்னைக்குக் காலையில நான் கடப்பாறைய எடுத்தேன். அவளும் எந்திரிச்சு வந்தா. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு வண்டியில ஏறி ஒக்காந்துட்டா.

கெணத்துல தூக்கிப் போட்டுரலாம்னுதான் நெனைச்சேன். அவதான் வேணாம்னா. கொல்லையில கொண்டாந்து போடுங்க, உச்சி தட்டையாத்தானே இருக்கு, துணி தொவைக்க ஆகும்னா. சாயங்காலம் சின்னவன் பனியன் கம்மாய் மண்ணோட வரும், மொதல்ல அத அடிச்சுத் தொவைக்கணுமாம். எறங்குங்க சார், பாத்து.